சக்கரம் பள்ளி வாசலோடு நிற்கலாமா?

கிருமாம்பாக்கத்தில் நம்மில் பலர் மிதிவண்டியில்தான் பள்ளிக்கு வருகிறோம். விடுமுறை நாளில் அதே வண்டியை எடுத்தாலோ, "பெண் பிள்ளைக்கு ஊர் சுற்றல் எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது.

பிரான்சு நாட்டின் அல்சாசுப் பகுதியில், திராட்சைத் தோட்டக் குன்றுகளிடையே உள்ள பழைய ஊர்களைக் காண மிதிவண்டியிலேயே செல்வோர் பலர். நம் பக்கத்தில் குன்றுகள் இல்லை, பழம்பெருமைக்கோ குறைவில்லை. வடக்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மேற்கே பாகூரில் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட மூலநாதர் கோயில் உள்ளது. அவ்வூர்க் கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதை 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு கூறுகிறது. அன்றே கல்வியால் சிறந்த அவ்வூரை நம்மில் எத்தனை பேர் நேரில் கண்டோம்?

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. கடலூர்ச் சாலையில் பேருந்தும் லாரியும் விரைகின்றன. ஆகவே அரிக்கமேடு பிறகு இருக்கட்டும். முதலில் பாகூருக்குச் செல்வோம். பத்துப் பேராக, ஆசிரியை ஒருவர் துணையுடன், வெயில் ஏறுமுன் புறப்படலாம்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். ஏளனம் செய்தோரும் இருந்தனர். அப்பெண்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

பெற்றோரே, எங்களைப் பள்ளிக்கு அனுப்பும் நம்பிக்கையைப் பாகூர் வரை நீட்டுங்கள். தோழியரே, இன்றே வீட்டில் கேட்போம். தனித்தனியாக அல்ல, எல்லோருமாக!