கழுவிய அழுக்கு எங்கே போனது?

'அணு உலை விஞ்ஞானிகள் பாடு. வியாபாரிகளுக்கு அதில் என்ன வேலை?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கணக்கு விவகாரம். கணக்கு உங்களுக்குத் தெரியும்!

கல்பாக்கத்தில் 1984லும் 1986லும் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை கனநீர் உலைகள். இத்தகைய உலைகளில் சூட்டை ஏந்திச் செல்லும் கனநீர் குழாய்களில் சுற்றுகிறது. அரிப்பினால் கரையும் உலோகம் அந்த நீரோடு உலையின் மையத்துக்குள் போய்க் கதிரியக்கம் பெறுகிறது. கோபால்ட்-60 அப்படிப் பிறப்பதுதான். அது குழாயின் உட்சுவரில் துருவோடு ஒட்டிக்கொள்கிறது. பழுது பார்க்கப் போகும் தொழிலாளியின் உடம்பில் அதன் கதிர் பாய்கிறது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி ரசாயனக் கழுவல். சிட்ரிக் அமிலம், அஸ்கார்பிக் அமிலம், ஈ.டி.டி.ஏ. போன்றவற்றை மிகக் குறைந்த அளவில் குழாய்களில் சுற்றவிட்டுத் துருவைக் கரைக்கிறார்கள். கரைந்ததை அயனிப் பரிமாற்றப் பிசின் பிடித்துக்கொள்கிறது. தொழிலாளிக்கு ஆபத்து குறைகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் 'சுத்தமாகிவிட்டது' என்று கதையை முடிக்கிறார்களே, அங்கேதான் நம் கேள்வி! ரசாயனம் கதிரியக்கத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. குழாயில் இருந்தது பிசினுக்குப் போகிறது. கோபால்ட்-60 பாதியாகக் குறையவே 5 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 50 ஆண்டுகளுக்கு மேலாகும். கடைச் சரக்கைக் குடோனுக்கு மாற்றிவிட்டு 'இருப்பு தீர்ந்தது' என்று எந்த வியாபாரியாவது கணக்கு எழுதுவாரா?

2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையில் ஆறு தொழிலாளர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியுலகுக்கு அது மாதங்கள் கழித்தே தெரிந்தது. அது உலைக் கழுவலில் நேர்ந்ததல்ல. ஆயினும் மௌனம் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு கழுவலிலும் வெளிவந்த கதிரியக்கம் எவ்வளவு? பிசின் எங்கே, எத்தனை காலம் காக்கப்படும்? ஒப்பந்தக் கூலியாளின் கதிர்வீச்சுக் கணக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவன் கையில் எழுத்தில் இருக்கிறதா? இவற்றைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள்!

இளைஞர்களே! கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மீனவர், தலித், முஸ்லிம் என்று பாராமல் சேர்ந்து கேளுங்கள். கதிர்வீச்சு மதம் பார்த்துப் பாய்வதில்லை. பூமி நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதற்கான கணக்கை ரப்பிடம் நாளை நாமும் ஒப்புவிக்க வேண்டும்.