கோலுக்கு இருபதாயிரம், லைனுக்கு ஓசியா?

சண்டிகர்ல வேலை பார்க்குற நம்மாளுங்க சிலருக்கு இப்போ ஒரு மோகம். மூணு நாள் லீவு சேர்ந்து வந்தா குடும்பத்தோட இமாச்சல், தீர்த்தன் ஆறு, டிரவுட் மீன், ஃப்ளை ஃபிஷிங். நல்ல விஷயம்தான், மால்ல சுத்துறதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா சாமான் வாங்குற லட்சணத்தைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது. கோல் இருபதாயிரம். ரீல் பளபளன்னு நகைக்கடை மாதிரி. லைன்? "செட்டோட ஃப்ரீயா வந்துச்சு சார்!"

அய்யா, கொஞ்சம் யோசிங்க. ஊர்க் குளத்துல தூண்டில் போட்டப்போ ஈயக் குண்டும் புழுவும்தான் எடை. அது பறக்கும், நூல் பின்னாடியே போகும். இங்க கதை தலைகீழ். இறகு கட்டின பூச்சிக் கொக்கிக்கு எடையே கிடையாது. நீங்க எறியறது லைனை. பூச்சி அது கூட ஓசியில போகுது.

அதனாலதான் லைனுக்கு எண் வச்சிருக்கான். 5ஆம் எண் லைன்னா முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். கோல்ல போட்டிருக்கற எண்ணோட இது பொருந்தணும். பொருந்தாட்டி லட்ச ரூபாய் கோலும் வெறும் குச்சிதான்.

நண்பர் ஒருத்தரோட பத்து வயசுப் பொண்ணு மதியம் முழுக்க எறிஞ்சு பார்த்தா. லைன் காலடியிலயே சுருண்டு விழுந்தது. "உனக்குக் கை வரலைம்மா"ன்னுட்டார் அப்பா. குழந்தை மூஞ்சி சுண்டிப் போச்சு. லைனைத் தடவிப் பார்த்தேன், அடிக்கு ஒரு வெடிப்பு. என் லைனை மாட்டிக் கொடுத்தேன். மீன் கிடைக்கல, ஆனா லைன் நேராப் போச்சு. கை வராதது அந்தப் பொண்ணுக்கா, செட்டை வித்த கடைக்காரனுக்கா?

இன்னொரு கோஷ்டி, "சீசனுக்கு ஒரு லைன் மாத்தணும்"னு பயமுறுத்தும். சுத்தப் பேத்தல்! 1950களுக்கு முன்னாடி பட்டு லைன் வச்சிருந்தவங்க தினமும் காய வச்சு, கொழுப்பு தடவிக் காப்பாத்துனாங்க. இப்போ இருக்கறது நூல் மேல பிளாஸ்டிக் பூச்சு. அழுக்கு ஏறினா வழுக்காது, மிதக்காது. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு, மெத்துன்னு ஒரு துணியால துடைச்சு, நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க. அஞ்சு பைசா செலவில்லை.

லைனைக் கொல்றது வயசு இல்லை, நாமதான். கொசு மருந்து பூசின கையால தொடுறது (அதுல இருக்கற டீட் பிளாஸ்டிக்கையே இளக்கிடும்), பெட்ரோல் போட்டுத் துடைக்கறது, வெயில்ல காருக்குள்ள விட்டுட்டுப் போறது, பாறை மேல போட்டு மிதிக்கறது, முனையில லீடர் கட்டாம சாட்டை மாதிரி சொடுக்கறது. இதெல்லாம் பண்ணிட்டு கம்பெனியைத் திட்டுவோம் :-)

எதை வாங்கறது? சின்ன ஆறு, கிட்டத்துல எறியப் போறீங்கன்னா ரெண்டு முனையும் ஒரே மாதிரி மெலியற டபுள் டேப்பர் மிதக்கும் லைன் போதும். ஒரு முனை தேஞ்சா கழட்டித் திருப்பி மாட்டுங்க, ஒரு காசுக்கு ரெண்டு லைன். ரொம்ப தூரம் எறியணும்னா முன்பக்கம் கனமான வெயிட் ஃபார்வர்ட். பட்ஜெட் இடிச்சா கோல்ல குறைங்க, லைன்ல குறைக்காதீங்க.

டிஸ்கி: நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் இமாச்சல்ல டிரவுட் பிடிக்கத் தடை. அந்த நாலு மாசம் லைனை ரீல்ல இறுக்கிச் சுத்தி வைக்காம, பெரிய வளையமாத் தளர்வாச் சுத்தி ஆணியில மாட்டுங்க. தங்கமணி துணி காயப் போடாம பார்த்துக்கறது உங்க பாடு. அறுந்து போன நைலான் துண்டை ஆத்துல விட்டுட்டு வராதீங்க, பறவை காலைச் சுத்தினா அதோட கதை முடிஞ்சது.