கரும்பாறைக்கு நடுவே ஒரு செங்கோடு



பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி மும்பைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்களுக்குச் சாத்தாரா, புணே பக்கத்து மலைச்சாலைகள் பழக்கமாக இருக்கும். சாலைக்காக வெட்டிய கரும்பாறைச் சுவரில் இடையிடையே சிவப்புப் பட்டை ஒன்று ஓடும். அடுத்த முறை டீ குடிக்க வண்டியை நிறுத்தும்போது அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு திரும்பத் திரும்ப வழிந்து இறுகியதுதான் அந்தக் கரும்பாறை. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. ஒரு குழம்பு ஆறியபின் அடுத்தது வர நெடுங்காலம் பிடித்ததும் உண்டு. அந்த இடைவெளியில் மழையிலும் வெயிலிலும் பாறை மக்கி மண்ணானது. சில இடங்களில் எரிமலைச் சாம்பலும் அதில் கலந்தது. அடுத்து வந்த குழம்பு அந்த மண்ணைச் சூளைச் செங்கல்லாகச் சுட்டு மூடிவிட்டது. அதுதான் அந்தச் சிவப்புப் பட்டை.

இந்தப் பழைய மண்ணில்தான் ஆய்வாளர்கள் அன்றைய தட்பவெப்பத்தைத் தேடுகிறார்கள். மழை மிகுந்தால் மண்ணிலிருக்கும் சோடியமும் கால்சியமும் கரைந்து போய்விடும். இரும்பு தங்கிச் சிவக்கும். வறண்ட காலமென்றால் சுண்ணாம்பு திரண்டு சுக்கானாகும். இதைவிட மிகப் பிந்தைய மண்ணாக இருந்தால், சுக்கானிலுள்ள கார்பனின் வகையைப் பிரித்துப் பார்த்து, அன்று மேலே நின்றது காடா புல்வெளியா என்பதைக்கூட ஊகிக்கலாம்.

நம் பாலாற்றுப் பக்கம் இப்படி வழிந்த குழம்பு கிடையாது. ஏலகிரிப் பாறைகூடப் பூமிக்கடியிலேயே ஆறிய குழம்புதான். ஆனால் கிணறு வெட்டினால் இங்கேயும் சுக்கான் வரும், செம்மண் வரும், ஆற்று மணல் வரும். இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875இல்தான். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தைய மழைக்கு இந்த மண்தான் சாட்சி. நம் காலத்துக்கும் அது சாட்சி சொல்லும்: பாலாற்றங்கரையில் நாம் விட்டுப்போகும் அடுக்கில் தோல் பதனிட்ட உப்பும் குரோமியமும் இருக்கும்.

உங்கள் ஊரில் கிணறு வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். எத்தனை அடியில் செம்மண், எத்தனை அடியில் சுக்கான், எங்கே மணல் என்று ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள். வெட்டுக்கிணறுகள் தூர்ந்துவரும் காலம் இது. அந்தக் கணக்கை இப்போதே பதிந்துவைப்பது நல்லது. வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்