நேற்றுக்கு வரி கேட்கும் நீதி

வரியின்றி அரசு இல்லை. அரசின்றிப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் இல்லை. எனவே வரி கேட்பது அரசின் உரிமை என்பதை அறிவுடையோர் எவரும் மறுப்பதில்லை. ஆனால் அவ்வுரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. இன்று சட்டம் இயற்றி நாளை முதல் வரி கேட்கலாம். இன்று சட்டம் இயற்றிவிட்டு, பத்தாண்டுகளுக்கு முன் ஈட்டிச் செலவழித்து முடித்த பொருளுக்கு வரி கேட்பது எந்த நீதி? தேர்வு நடந்து, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண்ணும் வழங்கிய பிறகு வினாத்தாளை மாற்றி, "நீ தோற்றாய்" என்று மாணவனிடம் சொல்லும் ஆசிரியரை எந்தப் பெற்றோர் பொறுப்பர்? பள்ளியில் பொறாத ஒன்றை நாடாளுமன்றம் செய்யும்போது மட்டும் நாம் ஏன் வாளாவிருக்க வேண்டும்?

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பது நம் முதுமொழி. பின்னோக்கி வரும் வரிச்சட்டமோ இவ்விரண்டிலும் சேராது. அது கடந்த காலத்துக்குள் திரும்பிச் சென்று கொல்கிறது.

இக்கொடுமைக்கு முதலில் ஆளாகிறவர் குத்தகையாளரே. காரணம் அவருடைய தொழிலிலேயே இருக்கிறது. கடைக்காரர் இன்றைய வரியை இன்றைய விலையில் ஏற்றிக்கொள்ள முடியும். குத்தகையாளரோ ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் ஒரு தொகைக்குக் கட்டுப்படுகிறார். சிமெண்டு, கம்பி, ஆட்கூலி, சேமநிதிச் சந்தா, அன்றுள்ள வரி ஆகிய அனைத்தையும் கூட்டித்தான் அத்தொகையைச் சொல்கிறார். வேலை முடிந்து, கட்டடத்தில் மக்கள் குடியேறி, ஆண்டுகள் பல கடந்தபின் ஒரு புதிய வரி அந்த வேலையின்மேல் விழுந்தால், அவர் யாரிடம் போய்க் கேட்பார்? வேலை கொடுத்தவர் தரமாட்டார். வேலை செய்தவரிடமிருந்து கூலியைத் திரும்பப் பெறவும் முடியாது. கைமுதலைத்தான் இழக்க வேண்டும். அதுவும் இல்லையெனில் வீட்டை விற்க வேண்டும்.

இதனை எண்ணித்தான் குத்தகையாளர்கள் நீதிமன்றப் படியேறுகின்றனர். நம் தமிழ் மண்ணிலேயே இதற்கொரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டு விற்பனை வரிச்சட்டம் 1947இல் திருத்தப்பட்டது. கட்டட ஒப்பந்தத்தில் பயன்படும் பொருள்களும் "விற்பனை"யே என்று அத்திருத்தம் கூறிற்று. கேனன் டங்கர்லி என்னும் கட்டுமான நிறுவனம் இதனை எதிர்த்து வழக்காடியது. கட்டடம் கட்டித் தருவது பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம், அதில் செங்கல்லும் மரமும் தனியே விற்கப்படுவதில்லை என்று 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தோற்றது. தோற்ற அரசு என்ன செய்தது? 1982இல் அரசியலமைப்பின் 46ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்து, குத்தகை வேலையில் பயன்படும் பொருளுக்கு வரிவிதிக்கும் அதிகாரத்தைப் பெற்றது. அதனை எதிர்த்துக் கட்டுமானத் தொழிலர் சங்கம் தொடுத்த வழக்கில், திருத்தம் செல்லும் என்று 1989இல் தீர்ப்பு வந்தது. முப்பதாண்டுக்கும் மேற்பட்ட போராட்டம் அது. எனினும் குத்தகை வேலையைப் பொறுத்தவரை அரசு நேர்வழியில் நடந்தது. மக்கள் மன்றத்தின் முன் சென்று, அதிகாரம் பெற்று, அதன்பின் வரி கேட்டது.

அதே இந்தியா 2012இல் வேறு வழியில் நடந்தது. வோடபோன் நிறுவனம் 2007இல் வெளிநாட்டில் செய்த பங்குப் பரிமாற்றத்துக்கு இந்தியாவில் வரியில்லை என 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில திங்களுக்குள் நாடாளுமன்றம் 1962 ஏப்ரல் முதல் நாளிலிருந்தே செல்லும்படியாகச் சட்டத்தைத் திருத்தியது. ஐம்பதாண்டு பின்னோக்கிய பாய்ச்சல்! விளைவு என்ன? 2020இல் அனைத்துலக நடுவர் மன்றங்கள் வோடபோன், கெய்ர்ன் ஆகிய இரு நிறுவனங்களின் வழக்குகளிலும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2021இல் அந்நாடே அவ்வரிக் கோரிக்கைகளைக் கைவிடச் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ 8,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர முன்வந்தது. குறுக்குவழியில் சென்ற அரசு, இழந்த மதிப்பையும் சேர்த்துச் சுமந்து திரும்பிற்று.

வோடபோன் பெருநிறுவனம்; அதற்கு அனைத்துலக மன்றம் கிடைத்தது. தனிமனிதக் குத்தகையாளருக்கு என்ன கிடைத்தது? பிரிட்டனைப் பாருங்கள். அங்குக் கணினி, பொறியியல் முதலிய துறைகளில் ஒப்பந்த அடிப்படையில் உழைப்போர் பலர், வெளித்தீவொன்றின் அறக்கட்டளை வழியாக வருமானம் பெற்று வரியைக் குறைத்துக்கொண்டனர். 2008ஆம் ஆண்டு நிதிச்சட்டத்தின் 58ஆம் பிரிவு, அவ்வழி தொடக்கத்திலிருந்தே அடைபட்டிருந்ததாகக் கொள்ளப்படும் என்றது. அவர்கள் வழக்காடினர்; உயர் நீதிமன்றம் 2010இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இலும் அவர்களைக் கைவிட்டன. பின்னர் 2017இல் வந்த "கடன் வரி"ச் சட்டம், 1999 ஏப்ரல் முதல் கடன் என்னும் பெயரில் பெற்ற ஊதியம் அனைத்தையும் 2019 ஏப்ரல் 5ஆம் நாள் ஒன்றாகத் திரட்டி வரிக்குட்படுத்தியது. ஏறத்தாழ 50,000 பேர் இதில் சிக்குவர் என அந்நாட்டு வரித்துறையே மதிப்பிட்டது. இருபதாண்டு வருமானத்துக்கு ஒரே நாளில் வரி! மக்களின் கொந்தளிப்புக்குப் பின் சர் அமியாஸ் மோர்ஸ் 2019இல் ஆய்வறிக்கை அளித்தார். அதன் பயனாக, 2010 டிசம்பர் 9ஆம் நாளுக்கு முற்பட்ட கடன்கள் விடுவிக்கப்பட்டன. நீதிமன்றத்தில் கிடைக்காதது ஒன்றுபட்ட குரலால் ஓரளவு கிடைத்தது.

"அவர்கள் வரி ஏய்த்தவர்கள்தாமே? அவர்களுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. ஏய்த்தவர்களுக்காக நான் வாதாடவில்லை. அக்குத்தகையாளர்களில் பேராசைக்காரரும் இருந்திருக்கலாம். ஆனால் ஏய்ப்பவனைப் பிடிக்க நடப்புச் சட்டமே போதும். நம் நாட்டு 1967ஆம் ஆண்டு வருமான வரிச்சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரி மதிப்பீட்டை ஐந்தாண்டுக்குள் திருத்தலாம். மோசடியோ வேண்டுமென்றே செய்த தவறோ கவனக்குறைவோ இருந்தால் காலவரம்பே இல்லை என்கிறது 91ஆம் பிரிவு. வரியைத் தவிர்ப்பதற்கென்றே புனைந்த ஏற்பாடுகளைப் புறக்கணிக்க 140ஆம் பிரிவு உண்டு. இத்தனை படைக்கலங்கள் கையிலிருக்க, காலத்தையே திருத்தி எழுதும் படைக்கலம் எதற்கு? குற்றம் செய்தவன் என்றால் நீதிமன்றத்தில் மெய்ப்பியுங்கள். மெய்ப்பிக்க முடியாதபோது சட்டத்தை மாற்றி அவனைக் குற்றவாளி ஆக்குவது முறையன்று.

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னாளில் எவரையும் தண்டிக்கலாகாது என நம் அரசியலமைப்பின் 7ஆம் விதி காக்கிறது. ஆனால் அக்காவல் தண்டனைக்கு மட்டுமே, வரிக்கு இல்லை. கூட்டரசுச் சட்டத்தின்படியன்றி வரி வாங்கலாகாது என்கிறது 96ஆம் விதி. அச்சட்டம் எக்காலத்தை நோக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பின்னோக்கும் சட்டம் நமக்குப் புதிதும் அன்று. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்னும் உரிமையிலிருந்து ஒரு சாராரை விலக்க, 1976இல் அரசியலமைப்பே மெர்டேக்கா நாளிலிருந்து செல்லும்படியாகத் திருத்தப்பட்டது. 1977இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்றது. உடலுரிமைக்கே இது நேர்ந்ததென்றால் பொருளுரிமைக்கு நேராது என எவர் உறுதி தருவர்?

ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. கட்டாயமாக எடுக்கப்பட்ட நிலத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு வணிக வருமானம் ஆகாது என 2006இல் பினாங்கு ரியல்டி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2014ஆம் ஆண்டு நிதிச்சட்டத்தின் வழியே 4சி என்னும் பிரிவைச் சேர்த்து, அவ்விழப்பீட்டுக்கும் வரி கேட்டது அரசு. விராமுடா நிறுவனம் இதனை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. போதிய இழப்பீடு தரவேண்டும் என்னும் 13ஆம் விதிக்கு அப்பிரிவு முரணானது, செல்லாது என 2022இல் தீர்ப்பு வந்தது. இது நேரான பின்னோக்கு வரி வழக்கு அன்று. எனினும் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்க அரசுக்கு உரிமையில்லை என்பதை நிலைநாட்டிய வழக்கு. இரயில் தடத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் இழக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தீர்ப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இவ்வெற்றி யாருக்கு எட்டும்? வழக்கறிஞர் கட்டணம் தாங்கும் நிறுவனத்துக்கு எட்டும். கிள்ளானில் மின்கம்பி பொருத்தும் சிறு குத்தகையாளருக்கும் பிரிக்பீல்ட்சில் கடை முகப்பைப் புதுப்பிக்கும் தச்சருக்கும் எட்டுமா? மேல்முறையீடு செய்தாலும் முதலில் வரியைக் கட்டு என்கிறது 103ஆம் பிரிவு. கட்டாவிடில் அரசு வழக்கிடும். அவ்வழக்கில், தொகை மிகை என்றோ மேல்முறையீடு நிலுவையில் உள்ளது என்றோ வாதிடுவதை நீதிமன்றம் ஏற்கலாகாது என்கிறது 106ஆம் பிரிவு. நாட்டை விட்டு வெளியேறுவதையும் தடுக்கலாம் என்கிறது 104ஆம் பிரிவு. நேற்றைய வருமானத்துக்கு இன்றைய சட்டமும், இன்றே கட்டு என்னும் கட்டளையும் சேர்ந்துவிட்டால் எளியவன் வழக்காடுவதற்கு முன்பே மாண்டுபோவான்.

பழைய ஒப்பந்தத்தின்மேல் புதிய வரி விழுவது முறையன்று என்பதை நம் அரசும் அறியாததன்று. 2025 ஜூலை முதல் நாள் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்தபோது, விலையை மாற்ற இடமில்லாத பழைய ஒப்பந்தங்களுக்கு 12 மாத விலக்கு அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் இன்று சலுகையாகத் தருவதை நாளை மறுக்கவும் கூடும். சலுகை வேண்டா, உரிமை வேண்டும்.

ஆகவே நம் வணிக மன்றங்களும் குத்தகையாளர் சங்கங்களும் மூன்றினைக் கேட்க வேண்டும். 7ஆம் விதியின் காவலை வரிக்கும் விரிவாக்குக. வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த நாளுக்கு முற்பட்ட எந்த வருமானத்தையும் புதிய வரிச்சட்டம் தொடாதிருக்கட்டும். சட்டம் செல்லுமா என்னும் வழக்கு நடக்கும்போது, வரி வசூல் தானாகவே நிற்கட்டும். இவற்றுடன் நம்மவர் செய்ய வேண்டிய கடமையும் உண்டு. கணக்கேடுகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்; வாய்மொழி ஒப்பந்தத்தை விடுங்கள்; ஆளுக்கொரு மூலையில் அழாமல், ஒரு பொதுநிதி திரட்டி ஒரு வழக்கை எல்லாரும் சேர்ந்து நடத்துங்கள். திருவிழாவுக்கும் பொன்னாடைக்கும் பணம் திரட்டத் தெரிந்த சமுதாயத்துக்கு இது அரிய செயலன்று.

பணக்காரர் வழக்கு நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடாதீர்கள். விரும்பப்படாதவர்மேல் முதலில் பாயும் சட்டம், வலியற்றவர்மேல்தான் இறுதியில் வந்து அமரும். சென்ற ஆண்டின் கணக்கை முடித்துவிட்டு நிம்மதியாக உறங்கும் உரிமை, தேநீர்க் கடைக்காரருக்கும் உண்டு. திரெங்கானுவில் பாலம் கட்டுபவருக்கும் உண்டு. அவ்வுரிமையைச் சட்டத்தில் எழுதி வாங்கும்வரை எவருடைய நேற்றும் அவருக்குச் சொந்தமில்லை.