படமா? பிடிமானமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வரும் காலைப் பேருந்தில் ஏறியவர்கள் அறிவார்கள். பின் இருக்கைகளில் நாள்தோறும் ஒரு பட்டிமன்றம் நடைபெறுகிறது. பொருள் அரசியலும் அல்ல, சினிமாவும் அல்ல. கைபேசியில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டுகள்! "என் போனில் 60 பிரேம் ஓடுகிறது. உன் போனில் 30 கூட வரவில்லையே, அதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்று ஒருவன் கேட்பான். புதிய போன் வைத்திருப்பவன் வென்றுவிடுவான். பழைய போன் வைத்திருப்பவன் ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வருவான். அந்தப் பழைய போன்காரன் பெரும்பாலும் அடியேன்தான். பேருந்தில் என்னைப் பேச விடமாட்டார்கள். ஆகவே என் கட்சியை இம்மலரில் எழுதிவிடத் துணிந்தேன்.

'இதுவும் ஒரு பொருளா?' என்று பேராசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். முதலாண்டில் தாங்கள் நடத்திய தனிச் சீரிசை இயக்கம் இக்கட்டுரையின் நடுவே வந்து சேரும்.

முதலில், பிரேம் என்பது யாது? திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன; கண் அவற்றைச் சேர்த்து அசைவாகக் காண்கிறது. விளையாட்டிலும் அப்படியே. ஆனால் இங்கே படங்கள் முன்கூட்டியே எடுத்து வைத்தவை அல்ல. நாம் விரலை அசைக்க அசைக்க, எந்திரம் அந்தக் கணத்திலேயே ஒவ்வொரு படத்தையும் வரைந்தாக வேண்டும். நொடிக்கு 30 படம் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 33 மில்லிநொடி. 60 என்றால் அதில் பாதி. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கார், 30 பிரேமில் இரண்டு படங்களுக்கு நடுவே ஏறக்குறைய 2.8 மீட்டர் தாவிவிடுகிறது. 60 பிரேமில் 1.4 மீட்டர். ஆகவே 60 மேல் என்பதை மறுப்பவன் அல்லன் நான். காசு இருந்தால் நானும் அதையே வாங்குவேன்.

ஆனால், நண்பர்களே! படம் வழவழவென்று ஓடுவது வேறு. கார் காரைப் போல நடந்துகொள்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதுதான் பின் இருக்கைப் பட்டிமன்றத்தின் பிழை.

பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். 1997-இல் ஜப்பானில் 'கிரான் டூரிஸ்மோ' என்ற விளையாட்டு வெளிவந்தது. அது பெரும்பாலும் 30 பிரேமில் ஓடியதுதான். ஆயினும் முன்சக்கரம் இழுக்கும் கார் வளைவில் வெளிப்புறமாக விலகும். பின்சக்கரம் தள்ளும் கார் வாலை வீசும். இந்த வேறுபாட்டை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கொண்டுவந்ததால்தான் உலகம் அதைக் கொண்டாடியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1996-இல், ஜெஃப் கிராமண்ட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'கிராண்ட் பிரி 2' இன்னும் வியப்புக்குரியது. கணினியால் கணக்குகளை நேரத்துக்குள் முடிக்க இயலாவிட்டால் அந்த விளையாட்டு என்ன செய்யும் தெரியுமா? கணக்கைச் சுருக்காது. பந்தயத்தின் காலத்தையே மெதுவாக ஓடவிடும்! கார் பொய் சொல்லாது, கடிகாரம்தான் தாமதிக்கும். எது முதன்மை, எது இரண்டாவது என்று அந்த மனிதருக்குத் தெளிவு இருந்தது.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத்தா பந்தயத் தடம் 2011 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னரே, செப்டம்பரில், கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தின் 'எஃப்1 2011' விளையாட்டில் அந்தத் தடம் வந்துவிட்டது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நம் கோவை நரேன் கார்த்திகேயனும் அவ்விளையாட்டில் ஓர் ஓட்டுநராக இடம்பெற்றிருந்தார். உண்மைக் கார் ஒரு சுற்றுக்கூட ஓடாத தடத்தில் சிறுவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்! வளைவுகள் வரைபடத்தில் உள்ளபடி சரியாகவே இருந்தன. ஆனால் அக்டோபர் 30 அன்று முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது அனைவரும் பேசியது எதைப் பற்றி? புழுதியைப் பற்றி. கார்கள் வழக்கமாகச் செல்லும் கோட்டை விட்டு விலகினால் புதுத் தடத்தின் தூசியில் டயருக்குப் பிடிமானம் இல்லை. படத்தை முன்கூட்டி வரையலாம். பிடிமானம் ஓடிப் பார்த்தால்தான் தெரியும். (நரேன் அன்று பதினேழாவதாக வந்தார். போட்டியில் இருந்தவற்றுள் மிக மெதுவான கார்களில் ஒன்றை வைத்துக்கொண்டு!)

அண்மையில், 2024 ஆகஸ்ட் 31-இலும் செப்டம்பர் 1-இலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிப் பார்முலா 4 பந்தயம் நடைபெற்றது. 3.5 கிலோமீட்டர் தெருத் தடம், இரவு விளக்கில். நான் அதைக் கைபேசியில்தான் பார்த்தேன். அண்ணா சாலையும் நேப்பியர் பாலமும் பந்தயத்துக்கென்று போட்டவை அல்ல. நாம் பேருந்தில் போகும் சாலைகள். காரை மெதுவாக ஓட்டிக் காட்டும்போது, சாலையின் சிறு மேட்டில் சக்கரம் படபடவென்று துடிப்பது தெரிந்தது. அந்தத் துடிப்புதான் என்னை நோட்டுப் புத்தகத்தை எடுக்க வைத்தது.

பேராசிரியர்களுக்கு வாக்களித்த இடம் இதுவே. சக்கரம் என்பது ஒரு நிறை. டயரும் சஸ்பென்ஷனும் வில்கள். மேடுபட்டால் சாதாரணக் காரின் சக்கரம் நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து தடவை துடிக்கும். கணினி இந்த இயக்கத்தைத் தொடர்ச்சியாகக் கணக்கிடுவதில்லை. சிறு சிறு காலப் படிகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. எளிய முறை ஒன்றில், துடிப்பின் கோண அதிர்வெண்ணைப் படியின் நீளத்தால் பெருக்கினால் வரும் எண் 2-க்குள் இருக்க வேண்டும். மீறினால் வில் அடங்காது. ஒவ்வொரு படியிலும் பிழை பெருகி, சக்கரம் வானத்துக்குப் போய்விடும். நொடிக்கு 12 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கோண அதிர்வெண் ஏறத்தாழ 75. நொடிக்கு 30 படி என்றால் பெருக்குத் தொகை 2.5. தீர்ந்தது கதை! 60 படி என்றால் 1.25. கார் பிழைத்துக்கொள்ளும், ஆனால் துடிப்பு சரியாக இராது. 360 படி என்றால் 0.2. இப்போதுதான் அது சக்கரம்.

2007-இல் வெளிவந்த 'போர்சா மோட்டார்ஸ்போர்ட் 2' செய்தது இதைத்தான். படம் நொடிக்கு 60. கணக்கு நொடிக்கு 360. வரைபவன் வேறு, கணக்கன் வேறு. இருவரையும் ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன ஆகும்? போன் திணறிப் பிரேம் குறையும்போது கணக்கும் குறையும். காரின் குணமே மாறிவிடும். ஒரே பெயருள்ள கார் என் போனில் ஒன்றாகவும் நண்பன் போனில் வேறொன்றாகவும் இருக்கும். பிறகு எங்கள் இருவருக்கும் பந்தயம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

இதையெல்லாம் சமன்பாட்டில் அறிவதற்கு முன்பே எனக்குச் சொன்னவர் என் சித்தப்பா. உப்பு லாரி ஓட்டுகிறார். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். பிரேம் என்ற சொல்லையே கேட்டதில்லை. ஐப்பசி மழை தொடங்கிப் பாத்திகளில் வேலை நின்றுபோயிருந்த ஒரு நாள், திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என் கையிலிருந்த போனை வாங்கி ஒரு கார்ப் பந்தயத்தை ஓட்டினார். (விளையாட்டின் பெயர் வேண்டாம்.) படத்தின் தரத்தை ஆக உயர்ந்த நிலையில் வைத்திருந்தேன். ஈரச் சாலையில் தெருவிளக்கு மின்னியது. கார்க் கண்ணாடியில் மேகம் ஓடியது. சித்தப்பா மூன்று வளைவில் மூன்று தடவை சுவரில் மோதினார்.

"இன்னாடா இது? நான் திருப்பினா, யோசிச்சு யோசிச்சுத் திரும்புது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படத்தின் தரத்தைக் கடைசி நிலைக்கு இறக்கினேன். மேகம் போயிற்று, மின்னல் போயிற்று, மரங்கள் அட்டையில் வெட்டியவை போல ஆயின. மறுபடியும் ஓட்டினார். வளைவுகளைக் கடந்துவிட்டார்.

"இப்ப சொன்னா கேக்குது. ஆனா பிரேக் புடிச்சா வண்டி மூக்கு குனியணும்டா. குனியவே இல்லியே!"

இரண்டே வாக்கியங்கள். முதல் குறை பிரேமினால் வந்தது; படத்தைக் குறைத்ததும் நீங்கியது. இரண்டாவது குறை எத்தனை பிரேம் கொடுத்தாலும் நீங்காது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரங்களுக்கு மாறுகிறது என்பதை அந்த விளையாட்டை எழுதியவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பத்து டன் உப்பை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு அது இல்லாதது உடனே தெரிகிறது. "காலி வண்டி குதிக்கும், லோடு வண்டி தள்ளும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அவர் பார்த்தது படத்தை அல்ல. அவர் கை தேடியது வண்டியை.

அந்தத் தாமதத்தை அளந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. வகுப்பு நண்பன் ஒருவனின் போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருந்தது. என் போனில் நான் திருப்ப, என் கட்டைவிரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி அவன் படம் பிடித்தான். விரல் பட்டதிலிருந்து கார் திரும்பத் தொடங்கும் வரை எத்தனை படங்கள் என்று எண்ணினோம். தரம் உயர்ந்த நிலையில் முப்பத்தாறை ஒட்டி வந்தது. அதாவது 150 மில்லிநொடி. கடைசி நிலையில் இருபத்து நாலை ஒட்டி, 100 மில்லிநொடி. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் போகிறது. முதல் நிலையில், நான் திருப்பியது காருக்குத் தெரிவதற்குள் அது 3.75 மீட்டர் ஓடிவிட்டது. ஒரு காரின் நீளம்! மேகத்துக்கும் மின்னலுக்கும் நான் கொடுத்த விலை அது.

இன்னொன்றையும் கண்டோம். எங்கள் பக்கத்து வெயிலில் பத்து நிமிடம் ஆடினால் போன் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 50-இல் ஓடியது 30 ஆகிறது; சற்று ஆறினால் மறுபடி ஏறுகிறது. இது நிலையான 30-ஐவிடக் கெட்டது. 30-க்குக் கை பழகிவிடும். ஏறி இறங்கும் எண்ணுக்கு எந்தக் கை பழகும்? அமைப்புகளில் '30-இல் நிறுத்து' என்று ஒரு வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள் என்று என்னைப் போன்ற போன்காரர்களுக்குக் கூறுவேன். பின் இருக்கையில் சிரித்தால் சிரிக்கட்டும்.

'புதுப் போன் வாங்கிவிட்டால் தீர்ந்தது' என்பார்கள். 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, பாடம் கேட்பதற்கென்று அப்பா கடன் வாங்கிக் கொடுத்த போன் இது. உப்பு வாரும் கூலியில் அந்தக் கடன் அடைய ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தப் போனில்தான் படித்தேன். விடுதியில்லா மாணவனாகிய நான் இந்தப் போனில்தான் விளையாடவும் செய்கிறேன். இதை வெளியே எறிந்துவிடு என்று சொல்லும் விளையாட்டு எனக்கு வேண்டாம்.

மேலும், இந்தப் போன் ஏழையா என்ன? 1996-இல் கிராமண்டின் கணக்குகளைச் செய்த கணினிகளைவிட இது பன்மடங்கு வல்லது. அவ்வளவு ஆற்றலும் எங்கே போகிறது? பெயிண்டின் பளபளப்புக்கும் ஈரச் சாலையின் பிம்பத்துக்கும் போகிறது. டயருக்கு மிச்சம் வருவதில்லை. விளம்பரத்தில் பளபளப்பைக் காட்டலாம், குனியும் மூக்கைக் காட்டினால் யார் வாங்குவார் என்று உருவாக்குவோர் எண்ணுகிறார்கள் போலும். வாங்குகிற நாமும் பிரேம் எண்ணை மட்டுமே கேட்கிறோம். அவர்கள் மட்டும் என் செய்வார்கள்? முதலில் கணக்கு, அடுத்து நிலையான பிரேம், மீதி இருந்தால் மேகம். இந்த வரிசையில் ஒரு விளையாட்டு வருமானால், அது 30 பிரேமில் ஓடினாலும் அதுவே மெய்யான ஓட்டம் என்பது என் துணிபு.

சித்தப்பா இப்போது என்னைக் கண்டால் கேட்பது ஒன்றே ஒன்று: "மூக்கு குனியுற வண்டி வந்துதாடா?" இன்னும் அகப்படவில்லை. அடுத்த வாரம் இன்னொரு போனை அளக்கவிருக்கிறோம். பேருந்தில் என்னை நாள்தோறும் வெல்பவனுடைய 60 பிரேம் போன் அது. கொடுக்கச் சம்மதித்துவிட்டான், எதற்கு என்றுதான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.