துவக்கும் துரைமாரும் நம் பிள்ளைகளும்



உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையன் இருக்கலாம். பதினைந்து பதினாறு வயது. பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் துவக்குப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பான். அமெரிக்காவில் ஒரு மனிதர் தன் வீட்டுக் கொட்டிலில் ரைபிள் ஒன்றைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுவார். மரப்பிடியைச் செதுக்குவார், எண்ணெய் பூசித் தேய்ப்பார், பிறகு வெளியே போய்க் கடதாசியில் அச்சடித்த வட்டத்தைச் சுடுவார். பையன் இமை கொட்டாமல் பார்ப்பான். உம்மாவுக்கு வயிற்றில் புளி கரையும். வாப்பா ஒரு சத்தம் போடுவார். பையன் போர்வைக்குள் போய்ப் பார்ப்பான்.

சத்தம் போட்டு அடங்குகிற ஆசை இல்லை இது. அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேசுவதற்கு நமக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதிலும் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலைப் பக்கம் வாழ்கிறவர்களுக்குத் துவக்கு புதிய சாமானும் இல்லை.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். நாம் துவக்கு என்கிறோம், சிங்களச் சகோதரர்களும் துவக்குவ என்கிறார்கள், இந்தியாவில் துப்பாக்கி என்கிறார்கள். எல்லாம் துருக்கியர் வாயிலிருந்து வந்த ஒரே சொல்தான். பொருள் வெளியிலிருந்து வந்தாலும் வேலை இங்கேயே வேரூன்றிவிட்டது. ஊவாவும் அடங்கிய பழைய கண்டி இராச்சியத்தின் கொல்லர்கள் துவக்கு செய்வதில் கெட்டிக்காரர்கள். குழலில் சித்திரம் வெட்டி, வெள்ளி பதித்து, நகை செய்வதுபோலச் செய்தார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டி மாளிகையைக் கொள்ளையிட்டார்கள். அந்தக் காலத்துப் பொருட்களில் ஆறு, ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையிலிருந்து 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பி வந்தன. லெவ்கே திசாவையின் சின்னப் பீரங்கியைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அதோடு "மஹ துவக்கு" எனப்படும் பெரிய துவக்குகள் இரண்டும் வந்திருந்தன. கொழும்புக்குப் போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். துவக்கு கட்டுவது அமெரிக்காக்காரனின் கலை என்று நினைக்கிற பையன் அதைப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "பன்னிரண்டு போர்" துவக்கு தெரியும். அந்தப் பன்னிரண்டு என்ன கணக்கு என்று கேட்டால் முழிப்பார்கள். ஓர் இறாத்தல் ஈயத்தை உருக்கிச் சம அளவில் பன்னிரண்டு உருண்டை பிடித்தால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழைகிற குழல் பன்னிரண்டு போர். பதினாறு உருண்டை பிடித்தால் குழல் சிறுக்கும், அது பதினாறு போர். நான்கே நான்கு உருண்டை பிடித்தால்? ஓர் உருண்டை கால் இறாத்தல்! அப்படியும் துவக்கு செய்தார்கள், நம் மலைகளுக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கு வருகிறேன்.

துவக்குக்கும் ரைபிளுக்கும் உள்ள வித்தியாசம் குழலின் உட்புறத்தில் இருக்கிறது. பழைய துவக்கின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். ரைபிளின் உள்ளே திருகுபோல வரி வெட்டியிருக்கும். அந்த வரியில் உரசி வருகிற சன்னம் பம்பரமாகச் சுழன்றுகொண்டே போகும். சுழல்கிற பம்பரம் சாயாது அல்லவா? அதுபோலச் சுழல்கிற சன்னமும் தடம் மாறாமல் நெடுந்தூரம் போகும். பார்த்தால் சின்ன விஷயம். யானைகளின் தலையெழுத்து அதில் இருந்தது.

பதுளையில் புனித மார்க் தேவாலயத்தைக் கடந்து போயிருப்பீர்கள். அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். பாதை போட்டார், நிர்வாகம் திறமையாகச் செய்தார் என்று நல்ல பெயரும் உண்டு. ஆனால் சரித்திரம் அவரை நினைப்பது வேறு காரணத்துக்காக. அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று, பிறகு இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். அவரோடு ஒத்த பேர்வழிகள் இன்னும் இருந்தார்கள். கப்டன் கால்வே என்பவர் அதில் பாதிக்கு மேல் என்கிறார்கள். பாதை ஆணையாளர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான்.

1,400 என்று வாயால் சொல்லிவிடலாம். 2011இல் இலங்கை முழுவதும் யானைக் கணக்கெடுப்பு நடந்தது. கிடைத்த தொகை 5,879. ஒரு தனி மனிதர் பொழுதுபோக்காகச் சுட்ட யானைகள், அந்தத் தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! யானை பயிரை அழிக்கிறது என்று அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுத்ததாகவும் டெனன்ட் எழுதுகிறார்.

ரொஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்துபோனார். அடக்கம் நுவரெலியாவில், இன்றைய கொல்ஃப் மைதானத்தின் அருகே. அந்தக் கல்லறைக் கல்லையும் இடி பிளந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். யானைகளின் சாபம் என்பார்கள். யாருக்கு எதற்காக எப்போது மௌத் வரும் என்பது இறைவன் வசம். இடி விழுந்து செத்தவர்கள் எல்லாரும் யானை சுட்டவர்கள் இல்லையே. ரொஜர்ஸின் கணக்கே போதும், அதற்குமேல் கதை கட்டத் தேவையில்லை.

இப்போது அந்தக் கால் இறாத்தல் உருண்டைக்கு வருவோம். சாமுவேல் பேக்கர் என்றொரு ஆங்கிலேயர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பெயரெடுத்தவர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, சுமார் ஏழு வருடம் பண்ணை வைத்திருந்தார். பதுளை வழியாகக் கிழக்கே இறங்கி, புல்வெளியும் மரமுமாகப் பரந்து கிடக்கும் "பார்க்" என்ற பகுதியில் யானை வேட்டை ஆடினார். அந்த அனுபவங்களை 1850களில் புத்தகங்களாகவும் எழுதினார்.

அவருக்கு இருபது வயது நிரம்புமுன்னே, 1840இல், தன் மனதில் இருந்தபடி ஒரு ரைபிள் வேண்டும் என்று பிரிஸ்டல் நகரத்துத் துவக்கு வேலைக்காரர் கிப்ஸிடம் சொல்லிச் செய்வித்தார். எடை 21 இறாத்தல், ஒன்பதரைக் கிலோ. குழல் மூன்று அடி நீளம். ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் மருந்து. உருண்டைச் சன்னம் மூன்று அவுன்ஸ், கூம்புச் சன்னம் நான்கு அவுன்ஸ். அந்தக் காலத்துக் கரு மருந்துக்கு வேகம் குறைவு. வேகம் இல்லாததைப் பாரத்தால் ஈடு செய்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது ஹொலண்ட் கம்பெனியின் இன்னொரு ரைபிளை எடுத்துப் போனார். அது அரை இறாத்தல் குண்டு போடும். அதற்குச் செல்லப்பெயர் "குழந்தை"! ஒரு வெடி வைத்தால் சுட்டவரையே காற்றாடிபோல ஒரு சுற்றுச் சுற்றிவிடுமாம். பேக்கரே அதைத் தொடப் பயந்ததாக எழுதியிருக்கிறார். நம் பையனிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பான். சிரித்தால் பேச்சு வளரும்.

ஆக, தன் கைக்கு ஏற்றபடி துவக்கு செய்விக்கும் பொழுதுபோக்கு நம் மலைநாட்டுக்கு வந்து 175 வருடத்துக்கு மேல் ஆகிறது. நல்ல தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோலத்தான் அந்த வேலை. தோளிலிருந்து விரல்வரை எவ்வளவு நீளம், கன்னம் எங்கே படியும், கண் எந்த உயரத்தில் நிற்கும் என்று பார்ப்பார்கள். லண்டன் கடைகளில் இதற்கென்றே நீட்டிக் குறுக்கி வளைக்கக்கூடிய மாதிரித் துவக்கு வைத்திருப்பார்கள்.

ஹப்புத்தளைப் பக்கம் வரும்போது தியத்தலாவையை மறக்கக்கூடாது. தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர் இனத்தவர் சுமார் 5,000 பேரை 1900இல் அங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். பெரும்பாலும் விவசாயிகள், ஆனால் குறி தப்பாதவர்கள். அவர்கள் கையில் இருந்தது ஜெர்மனியின் மௌசர் ரைபிள். அதே 1900இல் இங்குள்ள தோட்டத் துரைமாரைச் சேர்த்து ஒரு ரைபிள் படை தொடங்கினார்கள். 1949இல் அது கலைக்கப்பட்டது. மௌசர் மட்டும் கலையவில்லை. 1898ஆம் ஆண்டு மாதிரி மௌசரின் பொறியை எடுத்து, அதில் புதுக் குழல் பூட்டி, புது மரப்பிடி போட்டு, தனக்கென்று ரைபிள் கட்டுவது இன்றும் மேல்நாட்டில் நடக்கிறது. உங்கள் மகன் பார்க்கிற படங்களிலும் அநேகமாக அந்தப் பொறியோ அதன் வழி வந்ததோதான் இருக்கும். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டு தடையின்றி ஓடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? வெடிக்கும்போது குழல் நரம்புபோல அதிரும். மரம் அதைத் தொட்டால் அதிர்வு மாறி, குறி விலகும். அதற்குத்தான் அந்தக் கடதாசி.

இதெல்லாம் ரசிக்கத்தக்க வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் தன் உபயோகத்துக்குத் துவக்கு கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம், செய்வதும் குற்றம். 1996இல் தண்டனைகளை இன்னும் இறுக்கினார்கள். "சும்மா செய்து பார்த்தேன்" என்று பையன் சொன்னால் நீதவான் கேட்கமாட்டார்.

"செய்து பார்ப்பது" நம் பக்கத்தில் எப்படி முடிகிறது என்றும் சொல்ல வேண்டும். ஊவாவில் இன்று மறைவாகச் செய்யப்படும் துவக்கு, பேக்கரின் துவக்கு மாதிரி அழகுக்குச் செய்தது அல்ல. அது கட்டுத்துவக்கு. இரும்புக் குழாயைக் காட்டுப்பாதை ஓரத்தில் கட்டி, குறுக்கே கம்பி இழுத்துவிட்டு, வைத்தவன் வீட்டுக்குப் போய்விடுவான். பன்றிக்கு என்று வைக்கிறான். பன்றியின் உயரத்துக்கு வைத்த வெடி மனிதனுக்குக் காலில் படும். விறகு பொறுக்கப் போன தோட்டத்துப் பெண், மாட்டைத் தேடிப் போன கிழவர், மானாப் புல்லுக்குள் பந்தைத் துரத்திய பிள்ளை, யார் மிதித்தாலும் கம்பிக்குத் தெரியாது. லயத்துக் குடும்பத்தில் ஒரு கால் போனால் ஒரு சம்பளம் போகிறது. கொழுந்து மலையில் ஏற முடியாதவருக்கு யார் பெயர் போடுவார்கள்?

யானையும் இதில் மாட்டுகிறது. காலில் சன்னம் பட்ட யானை உடனே விழாது, வாரக்கணக்கில் புண் புழுத்துச் சாகும். 2019இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. வெடியும் மின்கம்பியும் தீனிக்குள் வைக்கும் வெடிமருந்தும் அதில் பெரும் பங்கு. அன்று சன்மானம் வாங்கிக்கொண்டு சுட்டார்கள், இன்று யார் என்று தெரியாமல் சுடுகிறார்கள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை. பன்றி நமக்கு விலக்கப்பட்டது, ஆகவே இந்தப் பாவத்தில் நமக்குப் பங்கில்லை என்று நினைக்கிறோம். மரை வற்றல், மான் இறைச்சி என்று ரகசியமாக வீட்டு வாசலுக்கு வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது களவுச் சாமான். அறுத்தவர் யார், பிஸ்மி சொன்னாரா, வெடியிலேயே செத்ததா என்று விற்கிறவனிடம் கேட்டுப் பாருங்கள். "நம்ம ஆள்தான் அறுத்தது" என்பான். அவன் வேறு என்ன சொல்லுவான்? நோன்புப் பெருநாளைக்கு வீட்டுக் கோழி போதும்.

இனிப் பையனிடம் என்ன சொல்வது? குறி பார்த்து எய்வதை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. அம்பெய்யப் பழகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்கப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் இப்னு உமர் (ரழி) அவர்கள் ஒருமுறை குறைஷி வாலிபர் சிலரைக் கடந்து போனபோது, அவர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மேல் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். இப்னு உமரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்கள். உயிருள்ளதை இலக்காக வைப்பவரை நபியவர்கள் சபித்திருப்பதை அவர் அப்போது எடுத்துச் சொன்னார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவம் இது. கையில் கவண் வைத்துக்கொண்டு அணிலைத் தேடும் சின்னவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கலாம்.

பையனுக்கு மெய்யாகவே ஆசை இருந்தால் விளையாட்டுச் சுடுதல் இருக்கிறது. பத்து மீற்றர் காற்று ரைபிள் போட்டி ஒலிம்பிக்கில் உண்டு. நம் நாட்டுத் தெஹானி எகொடவெல என்ற பெண், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதில் போய்ச் சுட்டார். சன்னம் 4.5 மில்லிமீற்றர். இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீற்றர்தான், பேனா முனையால் வைத்த பொட்டு. அறுபது வெடி சுட வேண்டும். ரைபிளின் எடை ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கன்னம் படும் பலகை, தோளில் படும் தகடு, கைப்பிடி எல்லாவற்றையும் சுடுகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி திருகித் திருகி அமைக்கிறார்கள். பேக்கர் கிப்ஸிடம் கேட்டுச் செய்வித்த அதே வேலைதான், ஓர் உயிரும் போகாமல் நடக்கிறது. மூச்சை அடக்கத் தெரியாதவன், நெஞ்சுத் துடிப்பைக் கவனிக்கத் தெரியாதவன் அதில் பத்தைத் தொடமுடியாது. போர்வைக்குள் படம் பார்க்கிறவனுக்கு அந்தப் பயிற்சி நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். காற்றுத் துவக்குதானே, விளையாட்டுச் சாமான்தானே என்று யாரிடமாவது கைமாற்றாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது கண்ணைக் குருடாக்கும், சட்டத்துக்கும் அது துவக்குத்தான். முதலில் பொலிஸிலோ பதுளைக் கச்சேரியிலோ எந்த வகைக்கு என்ன பத்திரம் வேண்டும் என்று விசாரியுங்கள். பையனையும் கூடவே கூட்டிப்போங்கள், படிவத்தை அவனே வாசிக்கட்டும்.