ரயில் நிற்கும் இடத்தில் வீடு: கெடா தோட்டத்து மக்களுக்கு அதில் பங்கு உண்டா?

தோட்டம் விற்கப்பட்டது, லயம் உடைக்கப்பட்டது, தாமானுக்கு வந்தோம். கெடாவில் பல குடும்பங்களின் கதை இந்த மூன்று வரியில் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தாமான் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத இடத்தில்தான். ரயில் நிலையத்தைச் சுற்றி வீடுகளை நெருக்கமாகக் கட்டும் திட்டமிடல், இந்த நிலையை மாற்ற முடியுமா?

ரயில் இருக்கிறது, வீடு எங்கே?

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டது. செலவு சுமார் 1,250 கோடி ரிங்கிட். 2015 செப்டம்பரில் பட்டர்வொர்த் - பாடாங் பெசார் கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. கெடாவில் அது சுங்கை பட்டாணி, குருண், கோபா, அலோர் ஸ்டார், அனாக் புக்கிட், கொடியாங் ஆகிய இடங்களில் நிற்கிறது. தோட்டங்கள் சூழ்ந்த பீடோங்கில் நிற்பதில்லை. கூலிமுக்குப் பயணிகள் ரயிலே கிடையாது. அங்குள்ள உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதோ 1996-இல்!

சுங்கை பட்டாணி நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. புதிய வீடுகள் வந்ததோ பண்டார் லகுனா மெர்போக், பண்டார் அமான்ஜெயா, பண்டார் புத்ரி ஜெயா என்று ஊரைச் சுற்றி. இங்கிருந்தெல்லாம் ரயிலுக்கு நடந்து போக முடியாது. தோட்ட நிலம் மலிவு, பெரிய துண்டாகவும் கிடைக்கும். அதனால் மேம்பாட்டாளர்கள் அங்கே போனதில் வியப்பில்லை. ஆனால் நிலத்தில் மிச்சமான பணத்தை, வீடு வாங்கியவர் மாதாமாதம் பெட்ரோலுக்கும் வண்டித் தவணைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஐந்நூறு ஏக்கர் கணக்கு

ரயிலுக்கு நடந்து போக மக்கள் தயாராக இருக்கும் தூரம் 400 முதல் 800 மீட்டர், அதாவது ஐந்து முதல் பத்து நிமிட நடை. நிலையத்தை மையமாக வைத்து 800 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் வருவது ஏறக்குறைய 500 ஏக்கர். நடுத்தர அளவுத் தோட்டம் ஒன்று, அவ்வளவுதான். அதிலும் சாலை, பள்ளி, கடை, தண்டவாளம் போக வீட்டுக்கு 100 ஏக்கர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குப் பத்துத் தரைவீடு கட்டினால் 1,000 குடும்பம். ஏக்கருக்கு நாற்பது மாடிவீடு கட்டினால் 4,000 குடும்பம். அடர்த்தி என்பதன் பொருள் இவ்வளவுதான்.

கூட்டம் அதிகமானால் ரயிலை அடிக்கடி விட முடியும், பேருந்தும் நட்டமில்லாமல் ஓடும். சிங்கப்பூரில் தோ பாயோ, அங் மோ கியோ போன்ற வீடமைப்பு நகரங்களின் நடுவே ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். ரயில் எப்போதாவதுதான் வரும் என்றால், உயரமான கட்டடம் எழும்பியும் பயனில்லை. கீழே வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதுதான் மிச்சம்.

எல்லா நிறுத்தத்துக்கும் இது பொருந்தாது. கோபாவைச் சுற்றி இருப்பது நெல்வயல். நாட்டின் நெற்களஞ்சியத்தில் மாடிவீடு எழுப்புவது அறிவுடைமை ஆகாது. பொருத்தமான இடங்கள் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், அடுத்து குருண்.

ஏன் இப்போதே பேச வேண்டும்?

பினாங்கின் முத்தியாரா எல்.ஆர்.டி. கட்டுமானம் 2025 ஜனவரியில் தொடங்கியது. தீவிலிருந்து கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலுக்கு வரும் அந்தத் தடத்தை 2031-இல் முடிப்பது திட்டம். கொமுட்டரும் பட்டர்வொர்த்துக்குத்தான் போகிறது. அப்படியானால் சுங்கை பட்டாணியில் ஏறுபவர் ஒரே ஒரு இடத்தில் மாறித் தீவுக்கு வேலைக்குப் போய்விடலாம். அது நடந்தால் நிலையத்துப் பக்கத்து நிலம் இன்றைய விலையில் இருக்காது. விலை ஏறிய பிறகு 'ஏழைக்கும் இடம் கொடுங்கள்' என்று கேட்பது கடினம். திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைப்பது எளிது.

முடிவு யார் கையில்?

மூன்று கைகளில். ரயில்வே நிலம் கூட்டரசின் ரயில்வே சொத்துடைமைக் கழகத்திடம் இருக்கிறது. மற்ற நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருகிறது. எங்கே எத்தனை மாடி கட்டலாம் என்று அனுமதி தருவது நகராண்மைக் கழகம். மூவரும் ஒரே வரைபடத்தைப் பார்க்காவிட்டால், நிலையம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்றுதான் ஆகும்.

பொதுமக்களுக்கும் இதில் வாய்ப்பு உண்டு. 1976-ஆம் ஆண்டு நகர், புறநகர் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அண்டை நில உரிமையாளர்களுக்குத் தெரிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி, உள்ளூர் திட்டம் இல்லாத பகுதிகளுக்குத்தான். திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால், பக்கத்தில் கட்டடம் எழும்பும்போது உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச வேண்டிய நேரம் வரைவு நிலைதான்.

'மாடிவீடா? வேணாம்ப்பா!'

இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. லயத்து வீடு சின்னதுதான். ஆனாலும் வாசல் இருந்தது, முருங்கை இருந்தது, நடந்து போகும் தூரத்தில் கோயில் இருந்தது. மாடிவீட்டில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வேறு. 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, அதற்கு மேல் 10 விழுக்காடு பழுதுபார்ப்புக்கான சேமிப்பு நிதிக்கும் கட்ட வேண்டும். பலர் கட்டாமல் விட்டால் மின்தூக்கி நிற்கும், குப்பை தேங்கும். பாதிக்கப்படுவது எல்லாரும்தான்.

ஆகவே மாடிவீடு நல்லதா கெட்டதா என்று மட்டும் விவாதிப்பதில் பயனில்லை. நிலையத்துப் பக்கத்தில் கட்டாவிட்டாலும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாடிவீடுதான் கிடைக்கப்போகிறது என்றால், அது ஊருக்கு வெளியே இருக்க வேண்டுமா, ரயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. வீட்டில் ஒரு வண்டி குறைந்தால், அந்தத் தவணைப் பணம் பராமரிப்புக் கட்டணத்துக்குத் தாராளமாகப் போதும்.

எதைக் கேட்க வேண்டும்?

அடுத்த முறை உங்கள் ஊரின் வரைவுத் திட்டம் காட்சிக்கு வரும்போது நான்கு கேள்விகளை எழுத்துபூர்வமாகக் கொடுங்கள். நிலையத்திலிருந்து 800 மீட்டருக்குள் மலிவு விலை வீடு எத்தனை? அவற்றில் வாடகைக்கு எத்தனை? பீடோங், கூலிம் போன்ற ஊர்களிலிருந்து நிலையத்துக்குப் பேருந்து உண்டா? தமிழ்ப்பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் நிலம் குறிக்கப்பட்டுள்ளதா? தோட்டத்தை விட்டு வெளியேறியபோது எங்கே குடியேறுவது என்று பெரும்பாலோரை யாரும் கேட்கவில்லை. இந்த முறை கருத்துச் சொல்லச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.